பல கைகளுக்கான சுவர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலை ஒட்டிய நீண்ட சுவரில் ஓவியம் தீட்ட முடிவு செய்திருக்கிறோம். பெற்றோர், முன்னாள் மாணவர்கள், மேல்வகுப்பு மாணவர்கள் என 40 பேர் உதவ முன்வந்திருக்கிறார்கள். இப்போது ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. தேர்ந்த ஓவியர் ஒருவரிடம் முழுவதையும் ஒப்படைத்துவிடலாம், மற்றவர்கள் வாளி தூக்கினால் போதும் என்கிறது ஒன்று. ஆளுக்கு ஒரு சதுரம் பிரித்துக் கொடுப்போம், அவரவர் விரும்பியதை வரையட்டும் என்கிறது இன்னொன்று. பொறுப்பு என்னுடையது. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சுவரோவியங்களைப் பற்றி எழுதிவருவதால் கேட்கிறேன்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. ஓவியம் நன்றாக வரவேண்டுமானால் ஆட்களை ஒதுக்க வேண்டும், ஆட்கள் பங்கேற்க வேண்டுமானால் ஓவியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு கட்சியும் நம்புகின்றன. நான் அதை ஏற்கவில்லை. 40 பேர் தீட்டப்போகிறார்கள் என்பது சுவரின் நீள உயரத்தைப் போல வடிவமைப்பவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பழகாத கை தீட்டினாலும் நன்றாக இருக்கும்படி படத்தை அமைக்க முடியும்.

1989இல் கீத் ஹாரிங் என்ற அமெரிக்க ஓவியர் சிகாகோவில் ஏறத்தாழ 500 பள்ளி மாணவர்களுடன் ஓர் ஓவியம் செய்தார். நீளம் 480 அடிக்கு மேல். தடித்த கறுப்புக் கோடுகளை அவர் போட்டார். உள்ளே வண்ணம் நிரப்பியவர்கள் மாணவர்கள். அந்தக் கோட்டின் தடிமன்தான் இங்கே முக்கியம். மாணவர் கை சற்று நடுங்கினாலும் கோடு அதைத் தாங்கிக்கொள்ளும். ஹாரிங் முன்வரைவு இல்லாமல் வரையும் ஆற்றல் உள்ளவர். நீங்கள் வரைவைத் தாளில் முடித்து, கட்டம் போட்டோ புரொஜெக்டர் வைத்தோ சுவருக்கு மாற்றுங்கள். அதற்கு ஓவியர் ஒருவர் கட்டாயம் தேவை. உரிய ஊதியம் கொடுத்தே அழையுங்கள். முதல் கட்சி சொல்வதில் அந்த அளவு எனக்கு உடன்பாடு.

ஆளுக்கு ஒரு சதுரம் என்ற யோசனை பெருந்தன்மையாகத் தெரிகிறது. ஆனால் நன்றாக வரையும் பிள்ளையின் சதுரத்துக்குப் பக்கத்தில், வரைய வராத பிள்ளையின் சதுரமும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தினமும் அதைக் கடந்துதான் அந்தப் பிள்ளை வகுப்புக்குப் போக வேண்டும். இதை எந்தக் குழந்தைக்கும் செய்யக் கூடாது. மாறாக, படத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும் சிறு வடிவங்களை வைக்கச் சொல்லுங்கள்: இலைகள், மீன் செதில்கள், கூரை ஓடுகள். வெளிவடிவம் எல்லாருக்கும் ஒன்று. உள்ளே போடும் புள்ளியும் கோடும் அவரவர் விருப்பம். எந்த ஓடு தன்னுடையது என்று தீட்டியவருக்குத் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே கூரை.

பிள்ளைகளின் உண்மையான பங்கு தூரிகையைத் தொடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். "என்ன வரையலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரம், பூமி உருண்டை, திறந்த புத்தகம், புறா என்று வரும். பெரியவர்கள் எதிர்பார்ப்பதை அவர்கள் அறிவார்கள். மணி அடித்ததும் முதலில் எங்கே ஓடுவாய்? உன் இருக்கையிலிருந்து ஜன்னல் வழியாக என்ன தெரியும்? இந்தப் பள்ளியில் உனக்குப் பிடித்த சத்தம் எது? இப்படிக் கேட்டு, பதிலைப் படமாகவே வாங்குங்கள். உங்கள் பள்ளிக்கு மட்டுமே உரிய விஷயங்கள் அந்தத் தாள்களில் இருக்கும். ஓவியர் அவற்றிலிருந்து வடிவங்களை எடுத்து ஒரே படமாகக் கோக்கட்டும். ஜூடித் பாக்கா என்ற சுவரோவியக் கலைஞர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வெள்ளக் கால்வாய்ச் சுவரில், 1976 முதல் பல கோடைகாலங்களில், 400க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு அரை மைல் நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாற்றைத் தீட்டினார். வரலாற்றாய்வாளர்களைக் கலந்து பேசிய பிறகே படம் சுவருக்குப் போனது. உங்கள் பள்ளியில் அந்த ஆய்வாளர்கள் பிள்ளைகள்தான். பொன்மொழிகளையும் தலைவர்களின் முகங்களையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முகம் சற்றுக் கோணினாலும் கண்ணை உறுத்தும். பழகாத கைக்கு அதைவிடக் கடினமான வேலை இல்லை.

வண்ணங்கள் எட்டு அல்லது பத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மொத்தமாகக் கலந்து, மூடியுள்ள டப்பாக்களில் எண் ஒட்டி வையுங்கள். சுவரில் அந்தந்த இடத்தில் அதே எண்ணை எழுதிவிட்டால் யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. உள்ளங்கையைவிடச் சிறிய வடிவம் வேண்டாம். நிறம் நிறத்தோடு கரையும் நுணுக்கமும் வேண்டாம்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் சலுகையே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் 24 மணி நேரம் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யும்வரை தீட்டாதீர்கள். உப்புப் பூத்து எல்லாம் உரிந்துவிடும். சுவரில் புதிய சிமென்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. சுரண்டும் வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கவே கூடாது. பிறகு பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன். வெயில் நேராக விழும் சுவரில் பளீரென்ற சிவப்புகளும் மஞ்சள்களும் பல சமயம் முதலில் வெளுக்கும். காவி, பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நீண்ட நாள் நிற்கும்.

40 பேரையும் ஒரே வேளையில் வரவழைக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலமாவது இருந்தால்தான் கை தாராளமாக ஓடும். மேலிருந்து கீழாகத் தீட்டுங்கள். சாரத்தின் மேல் பெரியவர்கள் மட்டும். பிள்ளைகள் தரையில் நின்றபடி தங்கள் தோள் உயரம்வரை. சுவருக்கு வர இயலாதவர்களுக்கும் வழி உண்டு. பிலடெல்பியாவின் சமூகச் சுவரோவியங்களில் படத்தைப் பகுதிகளாக மெல்லிய நெய்யாத் துணிக்கு மாற்றி, மேஜையில் வைத்து எண்படி தீட்டி, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். முதியவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் மிகச் சிறிய பிள்ளைகளும் அப்படிச் சேரலாம்.

கடைசி நாளில் ஓவியரும் கை தேர்ந்த இரண்டு மூன்று பேரும் ஓரங்களைத் திருத்திக் கோடுகளை முடிப்பார்கள். இதை முதல் நாளே, தூரிகை கொடுக்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திருத்தினால், ஆசையாகத் தீட்டியவர் மறுநாள் வந்து தன் பகுதி மாறியிருப்பதைக் கண்டு புண்படுவார். அவர் மறுபடி வரமாட்டார்.

மீந்த வண்ணத்தில் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு சிறு டப்பா எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் யார் பழுது பார்ப்பது என்பதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் தாள்கள் சேர்ந்ததும் சிலவற்றைப் படமெடுத்து அனுப்புவீர்களா? பார்க்க மிகவும் ஆசையாக இருக்கிறது.

அன்புடன்