பதாகையைக் கழற்றுங்கள், கைப்பேசியை எடுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு தவணையும் மோசடி விழிப்புணர்வுச் சொற்பொழிவு வைக்கிறோம். பதாகை கட்டுகிறோம், மண்டபமும் நிறைகிறது. ஆனாலும் டெலிகிராம் வேலை, மக்காவ் ஸ்கேம் என்று மாணவர்கள் பணத்தைப் பறிகொடுத்தபடியே இருக்கிறார்கள். படித்த பிள்ளைகளுக்கே இத்தனை பேராசையா? இனி இவர்களுக்கு என்னதான் சொல்லிக் கொடுப்பது?
– மாணவர் நலப் பிரிவு ஊழியர், பினாங்கு

பதில்: முதலில் 'பேராசை' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மக்காவ் ஸ்கேமில் ஆசைக்கு வேலையே இல்லை. உன் பெயரில் வந்த பார்சலில் போலி அடையாள அட்டைகள் இருக்கின்றன என்று ஒருவன் அழைக்கிறான். அடுத்த நிமிடம் சீருடை போட்ட 'சார்ஜன்ட்' வாட்ஸ்அப் வீடியோவில் வருகிறார். வீட்டில் சொல்லாதே, சொன்னால் அவர்களையும் விசாரிப்போம் என்கிறார். பத்தொன்பது வயதுப் பிள்ளை நடுங்கிப்போய், கையில் இருக்கும் பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன்) பணத்தை 'பாதுகாப்புக் கணக்கு'க்கு மாற்றிவிடுகிறது. நீங்கள் பேராசை என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை உங்கள் அறைக் கதவைத் தட்டாது. தட்டாமல் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

உங்கள் சொற்பொழிவிலும் ஒரு குறை உண்டு. மோசடிகளின் பெயர்களைச் சொல்லித் தருகிறீர்கள். பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் எப்படி ஓடுகிறது என்று சொல்லித் தாருங்கள். முதல் கணக்கில் விழுந்த தொகை சில நிமிடங்களில் இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிகிறது, பிறகு ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடுகிறது. எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ, அதை மட்டும்தான் வங்கியால் முடக்க முடியும். 2022 அக்டோபரில் தொடங்கிய என்.எஸ்.ஆர்.சி. எனும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணும், வங்கிகளின் 24 மணி நேர மோசடி எண்களும் இந்த ஓட்டத்தைத் துரத்துவதற்காக வைத்தவை. போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும், எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ஆனால் ஃபோன் முதலில், நிலையம் பிறகு. பல பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்துதான் நேரத்தை இழக்கிறார்கள்.

மண்டபத்தை விட்டுவிட்டு ஒரு டியூட்டோரியல் அறையை எடுங்கள். இருபது பேர், ஐம்பது நிமிடம், எல்லாருடைய கைப்பேசியும் மேசைமேல். அவரவர் வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள வங்கியின் ஃபோன் எண்ணையும் 997-ஐயும் அங்கேயே சேமிக்க வேண்டும். வங்கிச் செயலியில் 'கில் சுவிட்ச்' (கணக்கை நாமே உடனே முடக்கும் வசதி) எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு வங்கியும் அதை ஒவ்வொரு மூலையில் வைத்திருக்கிறது. பதற்றத்தில் தேடினால் கிடைக்காது. தினசரிப் பணமாற்று வரம்பை மாணவருக்குத் தேவையான அளவுக்கு, 300 அல்லது 500 ரிங்கிட்டுக்கு, இறக்கச் சொல்லுங்கள். சில வங்கிகளில் வரம்பை மறுபடி உயர்த்தினால் உடனே அமலுக்கு வராது. அந்தக் காத்திருப்பு பிள்ளைக்கு யோசிக்க நேரம் தரும்.

அடுத்து ஒத்திகை. இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் 997 அதிகாரி, மற்றவர் பணத்தை இழந்தவர். எந்த வங்கியிலிருந்து, எந்தக் கணக்கு எண்ணுக்கு, என்ன பெயருக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனைக் குறிப்பு எண் என்ன: இத்தனையையும் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். குறிப்பு எண்ணில்தான் பெரும்பாலும் தடுமாறுவார்கள், ரசீது செயலியில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதை எடுத்து ஸ்கிரீன்ஷாட் பிடிக்கப் பழக்குங்கள். மோசடிக்காரனோடு நடந்த உரையாடலை அழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கத்தில் முதலில் அழிப்பது அதைத்தான்.

டெலிகிராம் வேலைக்கு ஒரு காகிதம் போதும். முழு உரையாடலையும் நீங்களே எழுதி அச்சடித்துக் கொடுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டதற்கு 10 ரிங்கிட் வருகிறது. 100 கட்டினால் 130 திரும்புகிறது. 500 கட்டிய பிறகு 'காம்போ டாஸ்க்' (பல வேலைகள் சேர்ந்த கட்டு) விழுந்து பாக்கி மைனஸில் நிற்கிறது. அதை விடுவிக்க இன்னும் 1,500 வேண்டுமாம். எந்த வரியில் நீ நிறுத்தியிருப்பாய் என்று கோடு போடச் சொல்லுங்கள். பிறகு டுயிட்நவ் என்ற உடனடிப் பணமாற்றுச் சேவையில் பணம் அனுப்பும் முன் வரும் உறுதிப்படுத்தும் திரையைப் பெரிதாகக் காட்டுங்கள். தொகைக்குப் பக்கத்தில் பெறுபவரின் பெயர் இருக்கும். வேலை கொடுப்பது பெரிய நிறுவனம் என்கிறான், திரையிலோ ஒரு தனி ஆளின் பெயர். அடுத்த முறை வேறொருவர், அதற்கடுத்த முறை யாரோ ஒரு எண்டர்பிரைஸ். அந்த ஒரு வரியை நிறுத்தி வாசிக்கும் பழக்கம் கைக்கு வந்தால் பாதி மோசடிகள் அங்கேயே நின்றுவிடும்.

போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் ஃபோன் எண்ணையும் தட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது. ஆனால் அதன் எல்லையையும் சொல்லுங்கள். போலீஸில் ஏற்கெனவே புகார் வந்தவை மட்டுமே அங்கே தெரியும். நேற்று வாடகைக்கு எடுத்த கணக்கு சுத்தமாகத்தான் காட்டும். 'பதிவு இல்லை' என்று வந்தால் 'நம்பலாம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருமண அழைப்பு, வீடு சுத்தம் செய்யும் சேவை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவிவிட்டால் முறையே வேறு. அந்தச் செயலி எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், திரையையும் இயக்கும். அதனால் அந்தக் கைப்பேசியிலேயே வங்கியைத் திறக்கக் கூடாது. உடனே ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் நின்றுவிட்டதா என்று பார்த்து, அறைத் தோழியின் ஃபோனிலிருந்து வங்கிக்கு அழைக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். மோசடிக் கும்பல்களுக்கு மாணவர்களின் பணம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். 'ஏடிஎம் அட்டையை ஒரு மாதம் கொடு, சில நூறு ரிங்கிட் தருகிறேன்' என்று கேட்பவன் பல சமயம் ஹாஸ்டலில் இருக்கும் சீனியர் அண்ணன்தான். இதுதான் அக்காவுன் கெல்டாய், கழுதைக் கணக்கு. தெரியாமல் கொடுத்தேன் என்பது எளிதில் எடுபடாது. கணக்கு முடங்கும், மற்ற வங்கிகளிலும் கதவு சாத்தப்படும், பட்டம் வாங்கிய பிறகு சம்பளம் போடக்கூடக் கணக்கு இருக்காது. இந்தக் கணக்குகளுக்கென்றே குற்றவியல் சட்டத்தில் 2024-இல் தனிப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். மண்டபச் சொற்பொழிவுகளில் இதற்கு ஒரு ஸ்லைடுதான் கிடைக்கிறது. நீங்கள் பத்து நிமிடம் கொடுங்கள். ஏற்கெனவே அட்டையைக் கொடுத்துவிட்ட பிள்ளையும் அந்த அறையில் இருக்கலாம். இன்றே வங்கியை அழைத்து அட்டையை ரத்து செய், போலீஸில் சொல், நான் கூட வருகிறேன் என்று அதன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

பணம் திரும்பிவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தானே அழுத்தி அனுப்பிய பணத்தில் கிடைப்பது, முடக்கிய கணக்கில் மிஞ்சியது எவ்வளவோ அவ்வளவுதான். வங்கியின் முடிவு நியாயமாக இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று ஃபேஸ்புக்கில் முன்பணம் கேட்கும் 'வழக்கறிஞர்' இரண்டாவது மோசடிக்காரன். அடிபட்ட பிள்ளையைத்தான் அவன் தேடி வருவான். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்த வகுப்பைத் தவணைக் கடைசியில் வைக்காதீர்கள். பிடிபிடிஎன் பணம் கணக்கில் விழும் வாரத்துக்கு முந்தைய வாரம் வையுங்கள். பதாகைக்கு ஆகும் செலவில், 997 என்று பெரிதாக அச்சடித்து, கீழே உங்கள் பிரிவின் ஃபோன் எண்ணையும் போட்டு, ஹாஸ்டல் அறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டுங்கள். இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் திட்டாமல் எடுத்துப் பேசுகிற ஒருவர் அந்த எண்ணில் இருக்க வேண்டும்.