கொம்பனா, பூமனா? பெரிய ஆந்தைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கண்மாய்க் கரை மருத மரத்தில் பெரிய ஆந்தை ஒன்று பகலில் உட்கார்ந்திருக்கிறது. தலையில் கொம்பு மாதிரி இறகு. கொம்பன் ஆந்தைதானே?

பதில்: கொம்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கொம்பு பூமன் ஆந்தைக்கும் உண்டு; அது மீன் பிடித்துத் தின்னும் பெரிய ஆந்தை. கொம்பனுக்கு அது விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். முகத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பும் தெளிவாகத் தெரியும். பூமனுக்குக் கலைந்த தலைமுடி போலப் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், முகவட்டமும் மங்கல்தான். தண்ணீரை ஒட்டிய அடர்ந்த மரம் என்றால் முதலில் பூமனைத்தான் நினைப்பேன். கொம்பனுக்குப் பிடித்த இடம் பாறைக் குன்று, ஓடைச் சரிவு, கைவிட்ட கல்குவாரி.

கேள்வி: அளவை வைத்துச் சொல்ல முடியாதா?

பதில்: முடியாது. கொம்பன் 50 முதல் 56 செ.மீ., பூமன் 48 முதல் 61 செ.மீ. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: படத்தில் சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது, சார்?

பதில்: காலைப் பாருங்கள். நான் நம்புவது அதைத்தான். கொம்பனுக்கு விரல் வரை இறகு மூடியிருக்கும். பூமனுக்கு முழங்காலுக்குக் கீழே வெறும் கால். மீன் பிடிக்கிற பறவைக்கு நனைந்த இறகு சுமைதானே! விரல்களின் அடிப்பக்கம் முள்முள்ளாக, சொரசொரப்பாக இருக்கும். வழுக்கும் மீன் அதில் மாட்டினால் நழுவாது. கண்ணும் உதவும்: கொம்பனுக்கு ஆரஞ்சு, பூமனுக்கு மஞ்சள். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்த நிறத்தை நம்பாதீர்கள். அப்புறம், ராத்திரியில் கூட்டுக்கருகே போய் டார்ச் அடிக்கவே வேண்டாம்.

கேள்வி: ஆந்தை பறந்தால் சத்தமே வராது என்பார்களே?

பதில்: கொம்பனுக்குச் சரி. இறகோரத்து மென்மையான தூவி சத்தத்தை அடக்கிவிடும். எலிக்குக் காது கூர்மை, அதனால் அது தேவை. பூமனின் இரை தண்ணீருக்குள் இருக்கிறது, இறக்கைச் சத்தம் அதற்கு எட்டாது. அந்தத் தூவி பூமனுக்கு இல்லை. பக்கத்தில் பறந்தால் நம் காதுக்கே கேட்கும்.

கேள்வி: பாறை இடுக்கில் ரோமமும் எலும்புமாக உருண்டைகள் கிடந்தன. இவற்றின் வேலையா?

பதில்: செரிக்காததை ஆந்தை கக்கிவிடும். எலி ரோமம், எலும்பு என்றால், அதுவும் பாறையில் என்றால், கொம்பனாக இருக்கலாம். செதிலும் நண்டு ஓட்டுத் துண்டும் இருந்தால் பூமன். இரண்டும் தவளையை விடாது, அதனால் தவளை எலும்பை வைத்துப் பிரிக்க முடியாது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறேன். இரண்டும் இலங்கையில் உண்டா?

பதில்: பூமன் உண்டு. அதன் அறிவியல் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: கெடுபா சைலோனென்சிஸ். இந்தியக் கொம்பன் அங்கே இல்லை. உங்கள் காடுகளில் கொம்போடு இன்னும் பெரிய ஆந்தையைப் பார்த்தால், கண் கருமையாகவும் அலகு மஞ்சளாகவும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது வேறு இனம், புள்ளி வயிற்றுக் கொம்பன்.

கேள்வி: குவாரித் தரையில் பஞ்சுபோல ஒரு குஞ்சு. விழுந்துவிட்டதா? வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். கொம்பன் கூடு கட்டுவதில்லை. பாறைத் திட்டிலோ புதர் அடியிலோ வெறும் தரையில்தான் முட்டையிடும். பறக்கும் முன்பே குஞ்சுகள் நடந்து அலையும், பெற்றோர் அருகிலேயே இருக்கும். காயமிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆந்தையைப் பிடித்து வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நாயை மட்டும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.