லயத்தில் இருந்து கறித்தூள் வியாபாரம்: இயந்திரம் வாங்கலாமா?

சகோதரி, கொட்டகலையில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபடியே கறித்தூள் விற்க விரும்புவதாகவும், கையிலுள்ள 80,000 ரூபாவுக்கு அரைக்கும் இயந்திரம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். ஐந்து கிலோவை மட்டும் கூலிக்கு அரைத்து, 100 கிராம் பொதிகளாக்கித் தெரிந்த வீடுகளுக்குக் கொடுங்கள். அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று பார்த்தபின் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அடக்கவிலையில் பஸ் கட்டணத்தையும் உங்கள் உழைப்பையும் சேருங்கள். வறுத்து அரைக்கும்போது எடை குறையும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் சரியாகக் காயாத மல்லியும் மிளகாயும் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மழை நாட்களில் குறைவாகச் செய்யுங்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். முதலில் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் அனுமதி பற்றிக் கேளுங்கள். லயம் தோட்டத்துக்குரியதென்றால் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சம்பள நாள்வரை கடன் கேட்பார்கள். அயலவர்களிடம் மறுக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. அந்தக் கடன் கொப்பியால்தான் என் முதல் கடையை மூடினேன். ஒரு வீட்டுக்கு ஒரு பொதிக்கு மேல் கடன் வேண்டாம்.