சவுத்தாம்ப்டனில் பகல் பொழுது மட்டும்தான்: அதற்கும் பிரிட்டன் விசா வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஹாம்பர்க்கில் கப்பல் ஏறி, சவுத்தாம்ப்டன், லு ஆவ்ர், ஸீபுரூகே, ராட்டர்டாம் பார்த்துவிட்டு ஹாம்பர்க்குக்கே திரும்புகிறோம். சவுத்தாம்ப்டனில் காலை 7 முதல் மாலை 7 வரை கப்பல் நிற்கும். “ஷெங்கன் விசா போதும், கப்பல் பயணிகளிடம் பிரிட்டன் விசா கேட்க மாட்டார்கள். பயமாக இருந்தால் இ.டி.ஏ. எடுத்துத் தருகிறேன்” என்கிறார் ஏஜென்ட். மகளைப் பார்க்க டப்ளின் போனபோது எடுத்த அயர்லாந்து விசா கணவரிடம் இன்னும் காலாவதி ஆகாமல் இருக்கிறது. அது உதவுமா? லண்டன் டூருக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார். கட்டலாமா? எனக்கு மூட்டு வலி உண்டு. – திருச்சி வாசகி

பதில்: அம்மா, இந்தியப் பாஸ்போர்ட்டில் போகும் நீங்கள் இருவரும் பிரிட்டன் விசிட்டர் விசா எடுத்தே ஆக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கிறது என்பதால் சலுகை எதுவும் கிடையாது. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் போக இடம் தரும் கூட்டு ஏற்பாடு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் அதில் சேர்ந்ததில்லை. எனவே உங்கள் ஷெங்கன் விசா அந்தக் கரையில் செல்லாது.

இ.டி.ஏ. என்று ஏஜென்ட் சொல்வது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. விசா தேவைப்படாத நாட்டுக்காரர்கள் வாங்கும் முன் அனுமதி அது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் உறவினர் யாராவது உடன் வந்தால் அவர்களுக்குப் பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் பொருந்தவே பொருந்தாது. உங்கள் பெயருக்கு அதை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் பணம் வாங்கினால், கிடைக்காத பொருளுக்கு விலை வாங்குகிறார் என்று அர்த்தம். அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் இதே வேலையைச் செய்கின்றன. பிரிட்டன் விசா விண்ணப்பம் அந்நாட்டு அரசின் தளத்தில்தான் தொடங்கும்.

“போன வருஷம் என் ஆட்கள் விசா இல்லாமலே போய் வந்தார்களே” என்று அவர் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். உரிய ஆவணம் இல்லாத பயணியைப் பிரிட்டனுக்குக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க அந்நாட்டின் 1999-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் ஹாம்பர்க் செக்-இன் கவுன்டரிலேயே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் ஏற்ற மாட்டார்கள். கேபினுக்குக் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது, ஏனென்றால் ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே போட்டிருப்பார்கள். ஏஜென்ட் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

உங்கள் கணவரின் அயர்லாந்து விசாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். இந்தியர்களுக்காகப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டு விசா ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது. விசா ஸ்டிக்கரில் பி.ஐ.வி.எஸ். (BIVS) என்ற நான்கு எழுத்துகள் அச்சாகியிருந்தால், ஒரே விசாவில் இரண்டு நாடுகளுக்கும் போகலாம். ஆனால் விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். அயர்லாந்து கொடுத்த விசா என்றால் முதலில் அயர்லாந்து, அங்கிருந்து பிரிட்டன். இரண்டையும் விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால், திரும்ப வரும்போது மறுபடியும் அயர்லாந்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கணவரோ ஜெர்மனியிலிருந்து நேராகச் சவுத்தாம்ப்டனில் இறங்குகிறார். ஆகவே அந்த நான்கு எழுத்துகள் இருந்தாலும் இந்தப் பயணத்தில் பயனில்லை. இல்லாவிட்டால் பேச்சே இல்லை. டப்ளினில் மகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நேராகப் பிரிட்டன் போய், பிரிட்டன் துறைமுகத்திலேயே கப்பல் ஏறும்படி பயணத்தை மாற்றி அமைத்தால் மட்டும் அது கைகொடுக்கலாம். அப்போதும் விசாவில் மீதி நாள் இருக்கிறதா, இன்னொரு தடவை அயர்லாந்துக்குள் நுழைய அது அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து கொண்டுவந்த நல்ல ஏற்பாடு இது. அதைச் சாதாரணக் குடும்பம் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிவைக்க இத்தனை வருஷமாக அவர்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. சவுத்தாம்ப்டனில் நுழையும்போது ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள். லு ஆவ்ரில் இறங்கும்போது மறுபடி உள்ளே வருகிறீர்கள். எனவே ஷெங்கன் விசா குறைந்தது இரண்டு நுழைவுக்காவது இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01 என்று இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 02 அல்லது பலமுறை என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘ஒரு நுழைவு’ என்று ஏஜென்ட் டிக் அடித்துவிட்டாரா என்று கையெழுத்துப் போடுமுன் நீங்களே பாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனுக்கு மூன்று மாதத்துக்குள்தான் முடியும். முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். ஷெங்கனுக்குப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டியிருப்பதால், முதலில் ஷெங்கனை முடித்துக்கொண்டு பிறகு பிரிட்டனுக்குப் போங்கள். ஒரு பகல் பொழுதுக்காக இருவரும் ஆளுக்கு 100 பவுண்டுக்கு மேல் கட்டி, கைரேகை கொடுக்க வேறு ஊருக்கு அலைந்து, வங்கிக் கணக்கை விரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. அதற்காகக் கணக்கில் திடீரென்று லட்சங்களைப் போட்டுக் காட்டச் சொன்னாலோ, போலி வேலைச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறேன் என்றாலோ ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பத்து வருஷம் பிரிட்டன் விசா கிடைக்காமல் போகும். அந்தத் தடை உங்கள் பெயரில்தான் விழும், ஏஜென்ட் பெயரில் அல்ல.

லண்டன் டூருக்குப் பணம் கட்டாதீர்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து லண்டன் சுமார் 130 கிலோமீட்டர். ரயிலிலேயே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், பஸ்ஸில் நெரிசலைப் பொறுத்து இன்னும் இழுக்கும். பாதிப் பகல் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தே போய்விடும். கப்பல் நிறுவனமே நடத்தும் டூர் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். வெளி ஏஜென்ட்டின் பஸ்ஸுக்காக எந்தக் கப்பலும் காத்திருக்காது. மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்றால் அதற்கு முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். பிரிட்டன் நேரம் ஜெர்மனியை விட ஒரு மணி நேரம் பின்னால் என்பதால், கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று முந்தைய இரவே ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சவுத்தாம்ப்டனே பார்க்க வேண்டிய ஊர். பார்கேட் என்ற கோட்டை வாசல் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டப்பட்டது. மேற்கு மதிலை ஒட்டி நடந்தால் வெஸ்ட் கேட் வரும். 1415-இல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் படை பிரான்ஸுக்குக் கப்பல் ஏற இந்த வாசல் வழியாகப் போனது. ஒருகாலத்தில் கடல் அலை இந்த மதிலில் மோதியது, இன்று நிலம் நிரப்பிச் சாலை போட்டிருக்கிறார்கள். மதிலில் கை வைத்துப் பார்த்தால் கல் சொரசொரப்பாக, பல காலத்தில் பல விதமாக அடைத்த ஒட்டுகளோடு இருக்கும். எதிரே 1620-இல் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மேஃப்ளவர் கப்பலுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட்டில் ஹோலிரூட் தேவாலயம். 1940-இல் குண்டு வீழ்ந்து கூரை போன அதை அப்படியே விட்டு, வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடமாக்கியிருக்கிறார்கள். உள்ளே டைட்டானிக் ஊழியர்களுக்கான நினைவுச் சின்னமும் உண்டு. 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. அதில் வேலைக்குப் போன பெரும்பாலோர் இந்த ஊரில் குடியிருந்தவர்கள் என்பதால், செய்தி வந்தபோது இங்கே தெருத்தெருவாக இழவு விழுந்தது. சீசிட்டி மியூசியத்தில் அந்த ஊழியர்களின் கதை விரிவாக இருக்கிறது. கப்பலில் செத்த பணக்காரர்களைப் பற்றியே கேட்டு வளர்ந்த நமக்கு அது அவசியம்.

உங்கள் மூட்டுக்கு இந்த ஊர் கஷ்டம் தராது, பழைய நகரம் பெரும்பாலும் சமதளம். மதில் மேல் ஏறும் படிகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஆனால் இங்கே கப்பல் முனையம் ஒன்றல்ல. ஓஷன் முனையம் பழைய நகரத்துக்குப் பக்கம், மேஃப்ளவர் முனையம் மேற்கே தள்ளி இருக்கிறது. உங்கள் கப்பல் எதில் நிற்கும் என்று கேட்டு, தூரமானால் டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் தொகை கட்டுமுன், பிரிட்டன் விசா வேண்டாம் என்ற தன் பேச்சை ஏஜென்ட் தன் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரட்டும். எழுதித் தர மாட்டார்.