மீட்கப்பட்ட மலினாய்ஸ் நாய்க்குச் சென்னையில் ஏற்ற வீட்டைத் தேடுவது எப்படி?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐந்து வாரங்களுக்கு முன் பள்ளிக்கரணை அருகே சாலையோரம் அலைந்துகொண்டிருந்த, ஏறத்தாழ இரண்டு வயதுள்ள பெல்ஜியன் மலினாய்ஸ் பெண் நாயை மீட்டோம். அன்பான நாய்தான். ஆனால் நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, சோபாவைக் கிழித்துவிட்டது. பண்ணை வீடு வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? இல்லையென்றால் எப்படிப்பட்ட வீட்டைத் தேடுவது?

பதில்:

பண்ணை வீடு என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுத்துவிடாதீர்கள். எட்டு ஆண்டுகளாக ஆதம்பாக்கத்தில் உள்ள என் வீட்டில் நாய்களைத் தற்காலிகமாக வைத்துப் பராமரித்து, பிறகு தத்துக் கொடுத்துவருகிறேன். இதுவரை பதினொரு நாய்கள் இப்படிப் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் நானே போய்த் திரும்ப அழைத்துவர நேர்ந்தது. அதுவும் உங்களிடம் இருப்பதைப் போன்ற மலினாய்ஸ்தான். அதை நான் கொடுத்திருந்ததும் ஒரு பண்ணை வீட்டுக்குத்தான்.

அவளுக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தேன். பெரும்பாக்கத்தில் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனவர்கள் அவளைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என்னிடம் இருந்த முதல் மாதத்திலேயே ஒரு செருப்பு அலமாரியும் இரண்டு கொசுவலைகளும் போயின. திருப்போரூரைத் தாண்டி இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் கேட்டபோது, ஓடியாட இவ்வளவு இடம் வேறெங்கே கிடைக்கும் என்று நினைத்து உடனே சம்மதித்தேன். ஏழு வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பம்பு செட் அறைக்குப் பக்கத்தில் ஆறடிச் சங்கிலியில் கிடந்தாள். கழுத்தைச் சுற்றிப் புண். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் கொடுமைக்காரர் அல்லர். இரண்டு முறை கோழிகளைத் துரத்தினாள் என்று கட்டிப்போட்டார். கட்டிப்போட்டதால் ஓயாமல் குரைத்தாள். குரைத்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்துபோகிறவர். இரண்டு ஏக்கரில் அவளுக்குக் கிடைத்தது ஆறடி.

இதில் தவறு பெரும்பாலும் என்னுடையதுதான். மலினாய்ஸ் என்பது பெல்ஜியத்தின் மெக்கலன் நகரப் பகுதியில் ஆடு மேய்ப்பதற்காக உருவான இனம். மேய்ப்பவரின் குரலுக்கும் கையசைவுக்கும் காது கொடுத்தபடி நாள் முழுவதும் ஆளோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாய் அது. நம் நாட்டில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் இதைப் பயன்படுத்துவதற்கும் அதுவே காரணம். எத்தனை பெரிய தோட்டத்தில் விட்டாலும் அது தானாக ஓடித் தன்னைக் களைப்பாக்கிக்கொள்ளாது. வேலி ஓரமாக நின்று ஆள் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கோழி துரத்துவதும் சோபா கிழிப்பதும் அப்படிக் கண்டுபிடித்த வேலைகளே. எங்கள் தென் மாவட்டத்துச் சிப்பிப்பாறையோ கன்னியோ என்றால் நல்ல வேலி போட்ட இடத்தில் சில நிமிடங்கள் பாய்ந்து ஓடிவிட்டு, மீதி நாளைச் சுருண்டு படுத்துக் கழித்துவிடும். முயலை விரட்டிப் பிடிக்கும் நாய்க்கும் ஆட்டை மேய்க்கும் நாய்க்கும் உள்ள இந்த வேறுபாடு அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது இடமல்ல, ஒரு மனிதரின் அன்றாடம். தத்துக் கேட்டு வருகிற பெரும்பாலானோர், “நாய் வந்தால் நானும் தினமும் நடக்க ஆரம்பித்துவிடுவேன்” என்பார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மழை பெய்யும், அடுத்த நாள் அலுவலகத்தில் கூட்டம் இருக்கும், அதற்குப் பிறகு நாய் மொட்டைமாடிக்குப் போய்விடும். நாய் இல்லாமலேயே விடியற்காலையில் எழுந்து வெளியே போகிறவரை, அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவரைத் தேடுங்கள். அவருடைய பழக்கத்தோடு நாய் ஒட்டிக்கொள்ளும். நாய்க்காகப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வது அரிதாகவே நிலைக்கிறது.

அந்தப் பழக்கம் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்க வேண்டும். ராணியைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். காவலர் பணிக்கான உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்; தினமும் எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறவர். ராணிக்கும் அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. ஆனால் தேர்வில் வென்றால் அவர் பயிற்சிக்குப் போய்விடுவார். வெல்லாவிட்டாலும் வேறு வேலை தேடியாக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் நாய் அவருடைய அம்மாவின் கையில்தான் மிஞ்சும்; அந்த அம்மாவோ எங்கள் பேச்சு முழுவதையும் சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. அவருக்கு வருத்தம்தான், எனக்கும்.

கடைசியில் ராணி போனது பெரம்பூரில் ஒரு சின்னத் தரைத்தள வீட்டுக்கு. முற்றம் என்று சொல்ல ஒரு துணி துவைக்கும் கல்லும் அதைச் சுற்றி நான்கடி இடமும்தான். அந்த வீட்டு அம்மையார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நிற்கிறவர். பள்ளி வேலை முடிந்தாலும் காலைப் பொழுது மாறாது என்று அவர் சொன்னதை நம்புவதற்கு அந்த இருபது ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன. இன்னொன்றையும் அங்கே கண்டேன். ஒரே கட்டளையை ஒரே குரலில் நூறு முறை சொல்வதிலோ, சரியாகச் செய்த நொடியில் பாராட்டுவதிலோ, தப்பாகச் செய்தால் கத்தாமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதிலோ அவருக்குச் சலிப்பே இல்லை. நாய்ப் பயிற்சியின் பெரும்பகுதி இதுதான். இப்போது ராணி விசிலுக்குத்தான் கட்டுப்படுகிறாள். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதோடு சரி.

விளம்பரம் எழுதும்போது குறைகளை முதலில் எழுதுங்கள். “அழகான மலினாய்ஸ், இலவசம்” என்று போட்டால் அன்று மாலைக்குள் நாற்பது அழைப்புகள் வரும். அவற்றில் குட்டி போட வைத்து விற்க நினைப்பவர்களும், வாசலில் கட்டிப்போட மிரட்டலான நாய் தேடுகிறவர்களும் கணிசமாக இருப்பார்கள். தனியாக விட்டால் பொருட்களைக் கடிக்கும், ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வப் பார்க்கும், பைக்கைக் கண்டால் கயிற்றை இழுக்கும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது ஒருவர் அதற்காகவே ஒதுக்க வேண்டும் என்று எழுதினால் நான்கு அழைப்புகள்தான் வரும். அந்த நான்கு பேரோடு பேசினால் போதும். கடிக்கப் பார்க்கும் பழக்கத்தை மறைத்துக் கொடுப்பது, நாய்க்கும் அந்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து நீங்கள் செய்கிற தீங்காகிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மேய்ப்பு இன நாயை, அதுவும் முன்கதை தெரியாத நாயை, நான் கொடுப்பதில்லை.

பைக் என்றேன். சென்னையில் இந்த இனத்துக்கு அதுதான் முதல் சோதனை. விலகி ஓடும் எதையும் மடக்கித் திருப்ப வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நம் தெருவில் விலகி ஓடுபவை ஆடுகள் அல்ல, இருசக்கர வாகனங்கள். எனவே வருகிறவரோடு ஒருமுறை வேளச்சேரி பிரதான சாலை ஓரமாக நடந்து பாருங்கள். நாய் பாயும்போது அவர் கயிற்றை எப்படிப் பிடிக்கிறார், பயப்படுகிறாரா, கோபப்படுகிறாரா, அல்லது நின்று நாயின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறாரா என்பது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதைவிட அதிகம் சொல்லிவிடும்.

இரண்டாவது சோதனை வெயில். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் அதுவும் சரியாக நடக்காது. மலினாய்ஸ் களைத்தாலும் தானாக நிற்காத நாய். பந்தை எறிந்துகொண்டே இருந்தால் சுருண்டு விழும்வரை ஓடும். கத்திரி வெயில் காலத்தில் விடிவதற்கு முன்பும், இருட்டிச் சாலை ஆறிய பிறகும்தான் வெளியே அழைத்துப்போக வேண்டும். இதை நீங்கள் சொல்வதற்கு முன் அவரே சொன்னால் நல்ல அறிகுறி. பெசன்ட் நகர்க் கடற்கரையில் அவிழ்த்துவிட்டு ஓடவிடுவேன் என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னால், ஆண்டின் தொடக்க மாதங்களில் அந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன என்பதையும், மண்ணைத் தோண்டும் நாய் அங்கே என்ன செய்யும் என்பதையும் பொறுமையாக நினைவூட்டுங்கள்.

விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இது விலை கொடுத்து வாங்கப்படும் இனம். கைவிடப்பட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், தொலைந்துபோனதா என்று பாருங்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் பதினைந்து இலக்க எண் கிடைக்கும். பிறகு ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள், உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை, கருத்தடை அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை முடித்துவிடுங்கள். கருத்தடை செய்யாமல் பெண் நாயைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்; குட்டி வியாபாரிகளைத் தடுக்க அதைவிட உறுதியான வழி இல்லை. செலவு அதிகம் என்று தோன்றினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். வரிசையில் நிற்க அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமம் புதிய வீட்டாரின் பெயரில் இருக்க வேண்டும். அவர்கள் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். தத்துப் போன நாய்கள் திரும்பி வருவதற்கு நான் கண்ட காரணங்களில் இதுவே முதலிடம்.

ஆள் கிடைக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை சோபாவைக் காப்பாற்ற வேண்டுமே. வெறுமனே ஓட்டம் மட்டும் கொடுத்தால் நாயின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடிக்கொண்டே போய், அடுத்த மாதம் இன்னும் அதிக ஓட்டம் கேட்கும். மூக்குக்கு வேலை கொடுங்கள். ராணிக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதை நிறுத்திவிட்டு, வேகவைத்த கோழித் துண்டுகளைப் பூந்தொட்டிகளுக்கு நடுவிலும் பழைய அட்டைப்பெட்டிகளுக்குள்ளும் ஒளித்துவைத்துத் தேடச் சொன்னேன். இருபது நிமிடத் தேடலுக்குப் பிறகு, ஒரு மணி நேர நடைக்குப் பின்னும் படுக்காதவள் படுத்துத் தூங்கினாள். அதோடு பாயில் அமைதியாகப் படுத்திருப்பதையும் ஒரு பாடமாகவே கற்றுக்கொடுங்கள். முதலில் அரை நிமிடம், பிறகு ஒன்று, பிறகு ஐந்து. சும்மா இருக்கத் தெரிந்த மலினாய்ஸுக்கு வீடு கிடைப்பது எளிது.

கொடுக்கும்போது இரண்டு வாரம் பழகிப் பார்க்கட்டும் என்று சொல்லியே கொடுங்கள். ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். ராணியை ஏழு வாரம் கழித்துப் பார்க்கப் போனதை நினைத்து நான் இன்னும் நொந்துகொள்கிறேன்.

உங்களிடம் கேட்டிருக்கும் பண்ணை வீட்டுக்காரரை நான் அறியேன். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நாய் எங்கே, யாரோடு இருக்கும்? எத்தனை ஏக்கர் என்று அவர் சொல்லத் தொடங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அங்கேயே தங்கியிருக்கும் ஓர் ஆளின் பெயரைச் சொன்னால், அந்த ஆளைப் பார்க்க நாயையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் போய்வாருங்கள்.