கூப்பிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடங்களாக எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் கல்லூரி நண்பர்கள் குழுவிலும் பருவநிலை மாற்றம் பற்றிய செய்திகளை விடாமல் பகிர்ந்துவருகிறேன். உருகும் பனி, பட்டினி கிடக்கும் துருவக் கரடி, வெப்ப அலை, வெள்ளம் எல்லாம். நீல டிக் விழும், பதில் வராது. சென்ற மாதம் கடல்மட்டம் உயர்வதைப் பற்றி நானே உட்கார்ந்து எழுதிய கட்டுரை ஒன்றைப் போட்டேன். அடுத்த நிமிடமே அதன் கீழே பூங்கொத்துப் படத்தோடு ‘இனிய காலை வணக்கம்’ வந்து விழுந்தது. ‘யாருக்குமே அக்கறை இல்லையா?’ என்று கேட்டேன். ‘எப்போதும் அபசகுனமாகவே பேச வேண்டுமா?’ என்று மைத்துனர் எழுதினார். அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அதில் என் பெரியம்மாவும் ஒருவர்.

இந்தக் குழுக்களிலிருந்து விலகிவிடலாமா? இப்படி ஓர் உலகத்தில் குழந்தை பெற்றுக்கொள்வது சரியா? உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் இதைப் பற்றி ஏன் அதிகம் எழுதுவதில்லை?

என் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். பேச விரும்பினால், அழைக்கும் முன் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி வரிதான். கொஞ்ச நாளாக அதைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நல்ல சாக்காக வந்து சேர்ந்தது.

முதலில் சில்லறை பாக்கிகளைத் தீர்த்துவிடுகிறேன். எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை என்ற கேள்வியை விட்டுவிடுவோம். எழுதினால் அதையும் நீங்கள் குழுவில் போடுவீர்கள், அதன் கீழேயும் ஒரு பூங்கொத்து வரும். குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றி முன்பின் பார்த்திராத ஓர் எழுத்தாளனிடம் கேட்காதீர்கள், வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்.

இனி திட்டு. மூன்று வருடம் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒன்றையாவது ஒரே ஒருவருக்கு, அவர் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்களா? உங்கள் பெரியம்மா கடிதத்தில் கட்டைவிரலாக மட்டுமே வருகிறார். அவருக்கு என்ன வயது, எந்த மாடியில் இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. துருவக் கரடியின் பட்டினியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு அவரைப் பற்றித் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

செய்தி போதாததால்தான் உலகம் இப்படி இருக்கிறது என்று நம்புகிறீர்கள் போலிருக்கிறது. 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியும் சூடாகும் என்று அப்போதே எழுதிவைத்தார். அறிவியல் மாநாட்டில் அவருடைய கட்டுரையைப் படித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி. பிறகு நூற்றைம்பது ஆண்டுகள் அந்தப் பெண்மணியின் பெயரே ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. 1896-இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ் அந்தச் சூடு எவ்வளவு கூடும் என்று கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் மைத்துனருக்கு முதன்முதலாகச் சேதி கொண்டுவந்தவர் நீங்கள்தான் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அபசகுனம் என்கிறார்.

நீல டிக்குக்கு வருவோம். வாட்ஸப்பில் அது வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன், பதில் வராவிட்டால் ‘பார்த்திருக்க மாட்டார்’ என்று நினைத்துச் சமாதானம் அடையலாம். அந்தச் சலுகை போய்விட்டது. பஸ் ஏறும்போது விரல் பட்டாலும் டிக் நீலமாகும், தூக்கக் கலக்கத்தில் திறந்தாலும் நீலமாகும். அதை வைத்துக்கொண்டு நாம் உறவினர்களின் நெஞ்சையே அளந்துவிடுகிறோம். நான் அதை அணைத்துவைத்திருக்கிறேன். அதற்காகவே ஒரு நண்பர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்தப் பூங்கொத்தையும் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள். அனுப்பியவர் உங்கள் கட்டுரையை அவமதிக்கவில்லை, பார்த்தே இருக்க மாட்டார். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று தினமும் ஒரு படத்தைப் போட்டுத் தெரியப்படுத்துகிறார், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தப் பூங்கொத்து வராவிட்டால் உங்கள் குழுவில் யாராவது அவரைக் கூப்பிட்டு என்னவென்று கேட்பார்களா? எனக்கு அதுதான் கவலை.

காரணமாகத்தான் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களில் பலர் தனியாக இருந்தவர்கள். பாரிஸில் துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறைகளில் இரவிலும் சூடு இறங்கவில்லை. பகலில் வெந்த உடம்பு இரவில் ஆற வேண்டும், அது நடக்கவில்லை. பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார்கள். செப்டம்பர் 3 அன்று, கேட்க ஆளில்லாத 57 உடல்களை நகரத்துக்கு வெளியே தியே கல்லறையில் அடக்கம் செய்தபோது குடியரசுத் தலைவர் ழாக் சிராக் வந்து நின்றார்.

மறு ஆண்டே அங்கே ஒரு ஏற்பாடு செய்தார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் மேயர் அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வெப்ப எச்சரிக்கை வந்தால் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுவார். எப்படி இருக்கிறீர்கள், தண்ணீர் குடித்தீர்களா, ஜன்னலை மூடிவைத்திருக்கிறீர்களா என்று விசாரிப்பார். பெரியம்மாவைக் கூப்பிட்டு நலம் கேட்பதற்கு ஓர் அரசாங்கம் ஆள் போட வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வந்த விதம் பெருமைக்குரியதாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலம். நான் தரைத்தளத்தில் குடியிருந்தேன். பின்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக இருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய கைபேசி. அதில் மொத்தம் ஒன்பது எண்கள். முதல் எண் என்னுடையது, நான்தான் போட்டுக்கொடுத்தேன். அன்று மாலையிலிருந்து என் கைபேசியில் மழைச் செய்திகளாக வந்து குவிந்தன. ஏரியைத் திறந்துவிடப் போகிறார்கள், தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் வெளியேறவும் என்ற செய்தியை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். வேறொரு கண்டத்தில் இருக்கும் நண்பர் ‘அங்கே மழையா? கொடுத்துவைத்தவர்கள்’ என்று பதில் போட்டார். கடமை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வரும் என்றுதான் நாம் நினைப்போம். முதலில் வந்தது குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக, கொப்பளித்துக்கொண்டு. புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். அடுக்கடுக்காக, கவனமாக ஏற்றினேன். பின்வீடு நினைவுக்கு வந்தபோது மணி மூன்றே கால்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். முப்பது அடி தூரம்கூட இருக்காது. பெரியவர் கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டில் சுற்றிய ரேடியோ. பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும், “செருப்பு ஒன்று அந்தப் பக்கம் போயிற்று, கண்ணில் பட்டதா தம்பி?” என்றார்.

அவரைத் தோளில் சாய்த்து மாடிப்படிக்குக் கொண்டுவரும்போது கேட்டார். “இது வரும் என்று முன்பே சொன்னார்களா?”

“சொன்னார்கள் ஐயா. நான்கூட மாலையே எல்லோருக்கும் அனுப்பினேனே.”

“அப்படியா” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

படியில் உட்கார்ந்த பிறகு நான் கேட்டேன், சட்டைப்பையில் கைபேசி இருக்கிறதே, என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்று. “ஒன்பது மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னீர்களே தம்பி” என்றார்.

சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் விடியற்காலையில் ஏதோ ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுக் கூப்பிட்டார். எழுதிக்கொண்டிருந்தவன் எரிச்சலை மறைத்துக்கொண்டு, பண்பாக, “காலை ஒன்பதுக்கு மேல் கூப்பிடுங்கள் ஐயா” என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இடுப்பளவு தண்ணீர் வரப்போகிற இரவிலும் அதை மீறவில்லை. குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை, நேரம் கேட்டவனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த மழையே புவி சூடானதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மழையைப் பிடித்து அப்படிச் சொல்லிவிட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பும் அதோடு கூடும் என்பதுதான் கணக்கு. ஆகவே இப்படிப்பட்ட இரவுகள் இன்னும் வரும். அதே காலத்தில்தான் முன்னறிவிப்பில்லாமல் ஒருவரைக் கூப்பிடுவது நாகரிகமில்லாத காரியம் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் தொலைபேசி அடித்தால் எடுப்போம். இப்போது ‘கூப்பிடலாமா?’ என்று செய்தி வரும், நாம் ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்போம், ‘இப்போது பேசலாம்’ என்போம், அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். கடைசியில் ‘ஒன்றுமில்லை, சும்மாதான்’ என்று முடியும். அந்தச் சும்மாவில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியவே போவதில்லை. திடீரென்று மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது என்கிறார்கள் இளைஞர்கள். எனக்கும்தான் படபடக்கிறது. படபடக்கட்டுமே!

வேலை நேரத்தில் விற்பனைக்காரர்கள் படுத்தும் பாட்டை நான் அறியாதவன் அல்ல. அது வேறு. அவர்களுக்குப் பயந்து வீட்டு மனிதர்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டோம் என்கிறேன்.

1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தின் கடலோரத்தைத் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். புயல் வருவது வானிலை அறிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீவுகளில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பது போய்ச் சேரவில்லை. 1972-இல் அங்கே தன்னார்வலர் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கொடி, கையால் சுற்றும் சைரன், ஒலிபெருக்கி, இவைதான் கருவிகள். இன்று 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். 2007-இல் சிடர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். மேடான தங்குமிடங்கள் கட்டியதும் பெரிய காரணம்தான், ஆனால் அங்கே வரச் சொல்லி யாராவது வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் வானிலைத் துறை காலையிலேயே கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. அரசின் அவசரச் செய்தி வந்து கைபேசிகளெல்லாம் ஒன்றாக அலறியது இரவு 8 மணிக்கு மேல். அதற்குள் பல தெருக்களில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன.

ஆகவே பெரியம்மாவைக் கூப்பிடுங்கள். பருவநிலை என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். இரவில் தூக்கம் வருகிறதா, மதியம் அறை எப்படிக் காய்கிறது, ஒரு நாள் மின்சாரம் இல்லாவிட்டால் யார் வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குக் கடும் வெயில் நாட்களில் உடம்பில் நீர் வற்றும் ஆபத்து கூடுதல். டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்கு அந்த வேகம் உண்டு என்று கடிதத்திலேயே தெரிகிறது. அடுத்த முறை அவர் கட்டைவிரலை யாருக்கு உயர்த்துகிறார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குழுவிலிருந்து விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலகினால் விலகுங்கள், இருந்தால் இருங்கள். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை.

அந்தப் பெரியவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். புதிய ரேடியோ வாங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் மழை என்று செய்தியில் சொன்னால் இரவு பதினொன்றானாலும் என்னைக் கூப்பிடுகிறார். ஒன்பது மணிக் கட்டுப்பாட்டை நான் நீக்கிக்கொண்டுவிட்டேன். “தூங்கிவிட்டீர்களா?” என்பார். தூங்கியிருப்பேன், இல்லை என்பேன். “தண்ணீர் ஏதும் வரவில்லையே?” என்பார். எழுந்துபோய்க் குளியலறைத் துளையைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வேன். பார்க்காமல் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறார்.

உங்கள் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டேன். இந்த வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுகிறேன். முன்கூட்டிச் செய்தி வராது. தெரியாத எண் என்று விட்டுவிடாதீர்கள், எடுங்கள்.