எத்தனை படி முங்கியிருந்தது?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கும்பகோணத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். படிப்பு முடிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மூன்று பேர் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். நான் இங்கேயே கடை வைத்திருக்கிறேன். ஐந்தாமவன் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே சொந்த ஊரில் விவசாயம் பார்க்கிறான். ஆனி மாதக் கடைசியில் ஒரு வேன் பிடித்துக் குடகுக்குப் போனோம்.

மூன்று நாளும் விடாத மழை. மடிகேரியில் அறையை விட்டு வெளியே வரவே முடியவில்லை. பார்க்க வேண்டிய இடமெல்லாம் மூட்டத்துக்குள் மறைந்து கிடந்தது. சீட்டாடினோம், பழைய கதை பேசினோம், தூங்கினோம். கடைசி நாள் பாகமண்டலா போனபோது நாங்கள் நாலு பேரும் வேனை விட்டு இறங்கவில்லை. அவன் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு போய், ஆறுகள் கலக்கும் இடத்தில் படிக்கட்டு ஓரமாக ஒரு மணி நேரம் நின்றான். கூப்பிட்டும் வரவில்லை.

திரும்பும் வழியில், "மழை வந்து டூரையே கெடுத்துடுச்சுடா" என்று நான்தான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "கெடுத்துடுச்சுன்னு சொல்லாத" என்றான். இன்னொருவன் விளையாட்டாக ஏதோ சொல்லப்போக, தஞ்சாவூர் வரை அவன் வாயைத் திறக்கவில்லை. இப்போது வாட்ஸப் குழுவில் பேசுவதில்லை. போன் செய்தால் எடுக்கிறான், இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறான்.

ஒரு சாதாரணப் பேச்சுக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. நீங்களும் நண்பர்களோடு குடகு போனதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மழைக்காலத்தில் மலைக்குப் போனதே தப்பா?

கே.,
கும்பகோணம்

அன்புள்ள தம்பி கே.,

போனதில் தப்பே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் தப்பு. நீங்கள் சொன்ன அதே வார்த்தையை, அதே பாகமண்டலாவில் நானும் சொல்லியிருக்கிறேன். உங்கள் நண்பர் படிக்கட்டு ஓரமாக நின்று எதைப் பார்த்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கல்லூரி முடித்த கையோடு ஆறு பேர் ஒரு மெட்டடார் வேனில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். எங்கள் வயல் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் அந்த வருடம் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. ஜூலை பிறந்தும் திறக்கவில்லை. அப்பா தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை வாங்கி முதலில் மேட்டூர் நிலவரத்தைத்தான் பார்ப்பார். 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு. மற்ற செய்தியெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு இருபத்தோரு வயது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

திருச்சி தாண்டிக் குளித்தலை வழியாகக் கரூர் போகும்போது வலது பக்கம் காவிரி முழுக்க வெறும் மணல். மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சத்தியமங்கலத்தில் பவானியில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் காட்டைப் பற்றி அப்போது எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. டிரைவர் பண்ணாரியில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை ஏற்றினார். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி நஞ்சன்கூடு போனால் கபினி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. குசால் நகரில் காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தோம். செம்மண் கரைத்த நிறத்தில், நுரையும் செத்தையுமாகப் போய்க்கொண்டிருந்தது. நம் வாய்க்காலில் முதல் தண்ணீர் வருமே, அதே நிறம். ஒரே நாளில் மணலில் தொடங்கி வெள்ளத்தில் வந்து முடிந்திருந்தோம். ஆனால் அன்று அது எனக்கு உறைக்கவில்லை. ஆறு பேரும் பாலத்தில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

குடகுக்குள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை அடித்துப் பெய்யும், அப்புறம் ஓயும். அந்த மழைக்கு ஓய்வே கிடையாது. மரம், பாறை, கூரை, துவைத்துப் போட்ட துணி எல்லாவற்றிலும் ஊறி நிற்கிறது. பாகமண்டலாவுக்குப் போகும் வழியில் பள்ளத்து வயல்களில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகை மூடும்படி ஓலையில் முடைந்த ஒன்றைத் தலையில் மாட்டியிருந்தார்கள், நாம் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொள்வது போல. அதே வாரம் எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றும் குடகு மழையும் ஒன்றுதான். அரபிக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து அங்கேயே பெய்துவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வருவது வெறுங்காற்று. தஞ்சாவூரில் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலே ஆயிரம் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆடியில் நம் வாசலில் புழுதி பறக்கிறதென்றால் அங்கே நமக்கான தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. டெல்டாக்காரனுக்கு மழைக்காலம் இரண்டு. ஒன்று தலையில் விழுவது, இன்னொன்று ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி விழுந்து ஆற்றில் வந்து சேர்வது.

பாகமண்டலாவில் காவிரி, கன்னிகை, சுஜ்யோதி மூன்றும் கலக்கின்றன. நாங்கள் போன அன்று ஆறு ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. தலைக்காவிரிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்தான். டிரைவர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் இரவு படுத்தோம். அட்டை கடிக்காமல் இருக்க, வெற்றிலை போடும் நண்பன் ஒருவன் வைத்திருந்த சுண்ணாம்பை ஆறு பேரும் காலில் தடவிக்கொண்டோம். பாட்டு, கூத்து, சிரிப்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த இரண்டு நாள் வேறு இல்லை. ஆனாலும் கிளம்பும்போது, "மழை கெடுத்துடுச்சுடா" என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, ஊர் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"அங்க தண்ணி எப்படி?" என்றார்.

"நெறையாப்பா, ரோட்டு மேலயே போவுது."

"படித்துறை இருக்குமே, எத்தனை படி முங்கியிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் படியில் நின்றுதான் போட்டோ எடுத்திருக்கிறோம். எண்ணவில்லை.

"ரெண்டு நாள் இருந்தியே, ஏறுச்சா, எறங்குச்சா?"

அதுவும் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. "சரி, போய்க் குளி" என்றார்.

கூடத்தில் ஆடுதுறை 36 விதை நெல் மூட்டை கிடந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பம்புசெட் தண்ணீர் வாங்கி நாற்று விடுவதா, குறுகிய காலப் பயிரான குறுவையை விட்டுவிட்டு, அடுத்து வரும் சம்பாவுக்குக் காத்திருப்பதா என்று ஒரு வாரமாக அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்று இருபத்தைந்து நாள் தாங்கும். அதற்குள் ஆறு வந்துவிட வேண்டும். வராவிட்டால் விதை, கூலி, உரம் எல்லாம் நாற்றங்காலிலேயே போய்விடும். பேப்பரில் வருவது நேற்றைய மேட்டூர். அவருக்கு வேண்டியிருந்தது அடுத்த பத்து நாள். அது பாகமண்டலாப் படிக்கட்டில்தான் எழுதியிருந்தது. அதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஒரே ஆள் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா அந்த வருடம் குறுவை விடவில்லை. கொஞ்ச நாளில் தண்ணீர் வந்தது. நாற்று விட்டிருந்தால் நட்டிருக்கலாம். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. எந்த ஆற்றுப் படித்துறைக்குப் போனாலும் இன்றைக்கும் நான் முதலில் படிகளை எண்ணுகிறேன்.

இப்போது உங்கள் நண்பரிடம் வருகிறேன். என் அப்பா வெண்ணாற்றுப் பாசனத்தின் நடுவில் இருந்தவர். உங்கள் நண்பர் இருப்பது கடைமடை, ஆற்றுப் பாசனம் முடிகிற கடைசிப் பகுதி. குடகில் விழுந்த மழை கிருஷ்ணராஜ சாகர் அணையில் சேர வேண்டும். அங்கே நிறைந்தோ, திறந்துவிட்டோ, கபினித் தண்ணீரோடு சேர்ந்து மாநில எல்லையில் பிலிகுண்டுலுவைத் தாண்ட வேண்டும். ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூரில் தேங்க வேண்டும். திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாற்றில் வருவது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடியும் மூன்றாகும். அதற்குப் பிறகு எத்தனையோ மதகு, எத்தனையோ வாய்க்கால். எல்லோரும் எடுத்துக்கொண்டு மிச்சம் இருந்தால்தான் அவருக்கு. ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி. அந்தப் பெரிய கணக்கின் கடைசித் துளியை நம்பி விதைக்கிறவர் அவர். போர் போட்டுச் சமாளிக்கலாமே என்று சென்னை நண்பர்கள் கேட்கக்கூடும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஆற்றை விட்டால் வானம்தான்.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வயலுக்கு வரும் தண்ணீர் விழும் இடத்தில் நின்றிருக்கிறார். ஒரு மணி நேரம் எனக்குக் குறைவாகத்தான் தெரிகிறது. தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு படியைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்த மன நிறைவோடு வேனில் ஏறியவரிடம் மழை கெடுத்துவிட்டது என்று சொன்னால், சமைத்துப் போட்ட தாயைப் பார்த்துச் சோறு கெட்டது என்பது போலத்தான். நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. நானும்தான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் நாலு பேர் குடும்பத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் யாராவது வயலில் நின்றிருப்பார்கள். அந்த இருபத்திரண்டு வருடத்தில் உங்களுக்கு எது விட்டுப்போனது என்பதை அவர் அந்த வேனில்தான் முதல்முறையாகப் பார்த்திருப்பார். வருத்தம் அதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழையில் மலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். போகலாம். ஆனால் அந்த மழைக்கு ஒரு மரியாதை கொடுத்துப் போக வேண்டும். 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் அப்படியே இறங்கி வீடுகளையும் மனிதர்களையும் கொண்டுபோயின. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியிலேயே நிலச்சரிவில் கோயில் அர்ச்சகர் வீடு புதைந்தது. ரெட் அலர்ட் விட்டால் வேனைத் திருப்பிவிடுங்கள், அட்வான்ஸ் போனால் போகட்டும். 2018-ஐ உங்கள் நண்பரும் மறந்திருக்க மாட்டார். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடம் வழியாகத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே கடைமடையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பிறகு நவம்பர் 16-இல் கஜா புயல் அதே ஊர்களின் மேல் வந்தது. ஒரே வருடத்தில் மலையின் மழையும் கடலின் மழையும் கைவிட்ட ஆட்கள் அவர்கள். மழையைப் பற்றி நாம் லேசாகப் பேசும் எதுவும் அவர்களுக்கு லேசாகக் கேட்காது.

இன்னொரு முறை ஐந்து பேரும் குடகு போவதாக இருந்தால் ஐப்பசி பிறக்கும்போது போங்கள். துலா சங்கராந்தி அன்று தலைக்காவிரிக் குண்டிகை என்னும் சிறு தொட்டியில் தண்ணீர் பொங்குவதைப் பார்க்க அங்கே பெருங்கூட்டம் கூடும். அதே ஐப்பசி முழுக்க இங்கே மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடுகிறோம். ஒரே மாதம், ஒரே ஆறு, இரண்டு முனை. அங்கே பார்த்துவிட்டு வந்து இங்கே முழுக்குப் போட்டால் அந்தப் பயணம் முழுசாகும்.

ஆனால் அதற்கு முன்னால் அவர் ஊருக்கு ஒரு நாள் போங்கள். சென்னைக்காரர்களையும் வரச் சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துப் போனால் நல்லது. காய்ந்த வாய்க்காலில் வெடிப்பை நிரப்பிக்கொண்டு, செத்தையைத் தள்ளிக்கொண்டு, நாம் நடக்கிற வேகத்துக்கு அது வருவதைக் கூடவே நடந்து பாருங்கள். நீங்கள் வேனுக்குள் உட்கார்ந்திருந்தபோது விழுந்த தண்ணீராகவே அது இருக்கலாம்.

போன் செய்யும்போது முதலிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவருக்கும் சங்கடமாக இருக்கும். பாகமண்டலாவில் எத்தனை படி முங்கியிருந்தது என்று கேளுங்கள். நிச்சயமாக எண்ணியிருப்பார். ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்பதை அப்புறம் கேட்கலாம்.

அன்புடன்.